சென்ட்ரலுக்கு எதிர்ல ஒரு கதவு

"அங்கேயா? ஏன்டா, நம்மகிட்ட காசில்லையா?"

சித்தப்பா வண்டியில இருந்து விழுந்து தலையில அடிபட்டு, உள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டர் "உடனே மெட்ராஸ் ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க"ன்னு சீட்டு எழுதிக் கொடுத்தப்ப, அப்பா போன்ல கேட்ட முதல் கேள்வி இதுதான். "தலைக்கு அங்கதான்பா பார்க்கணும்னு டாக்டரே சொல்றார்"னு சொல்லிட்டு ஆம்புலன்ஸ்ல ஏறிட்டேன். ஒன்பது நாள் அங்கே இருந்தோம். சித்தப்பா இப்ப திரும்பவும் வண்டி ஓட்டறார். இந்த தடவை ஹெல்மெட்டோட :-)

ஆனா அப்பாவோட கேள்வி மட்டும் மனசுல உக்காந்துடுச்சு. எங்க வீட்டுல மட்டும் இல்லை, நிறைய வீடுகள்ல இப்படித்தான். ஜி.எச்.ன்னா நாதியத்தவங்க போற இடம், கடைசியா போற இடம். எங்க பாட்டி யாரையாவது திட்டணும்னா "நீ ஜி.எச்.லதான் போய் கிடப்ப"ன்னு சொல்லும்.

பொட்டி தட்டற வேலையில இருக்கறவங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும், இதை முதல்ல யார் எழுதினாங்க, அப்புறம் யார் மாத்தினாங்க, யாருக்கெல்லாம் உள்ளே வர அனுமதின்னு தோண்ட ஆரம்பிச்சுடுவோம். வார்டுக்கு வெளியே உக்கார்ந்திருந்த சாயங்காலங்கள்ல ஆரம்பிச்சது, வீட்டுக்கு வந்தும் விடலை. படிச்சதை எல்லாம் கோர்த்து இங்கே போட்டுடறேன்.

ரெண்டு வராகன் வாடகை

1664 நவம்பர். கோட்டையில சர் எட்வர்ட் வின்டர் கிழக்கிந்தியக் கம்பெனியோட ஏஜென்ட். இங்கிலாந்துல இருந்து வந்த சோல்ஜர்கள் நம்ம ஊர் வெயிலையும் தண்ணியையும் தாங்க முடியாம, கவனிக்க ஆளில்லாம செத்துக்கிட்டிருந்தாங்க. கோட்டைக்குள்ள கோகன் என்பவரோட வீட்டை மாசம் ரெண்டு வராகன் வாடகைக்கு எடுத்து, அவங்களைப் பார்த்துக்க ஆள் போட்டாங்க. டாக்டர் அனுமதிக்கற சாப்பாடும் குடியும் தவிர வேற எதுவும் உள்ளே போகக்கூடாதுன்னு உத்தரவு. (கேட்ல தூக்குச்சட்டியைத் திறந்து பார்க்கிற செக்யூரிட்டி அண்ணனுக்கு முன்னூத்தி அறுபது வருஷப் பாரம்பரியம் இருக்குங்க!)

இதுதான் ஆரம்பம். 1690ல் எலிஹு யேல் கவர்னரா இருந்தப்ப கோட்டைக்குள்ளேயே புது இடத்துக்குப் போச்சு. ஆமாம், அமெரிக்காவுல பல்கலைக்கழகத்துக்குப் பேர் குடுத்த அதே யேல்தான். 1746ல் பிரெஞ்சுக்காரங்க மெட்ராஸைப் பிடிச்சாங்க, மூணு வருஷம் கழிச்சு திருப்பிக் கொடுத்தாங்க. அந்தக் கலவரத்துல ஆஸ்பத்திரியும் இடம் மாறி மாறி, கடைசியா 1772ல் இப்ப இருக்கற இடத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போ எதிர்ல சென்ட்ரல் ஸ்டேஷன் கிடையாது. அது வர இன்னும் நூறு வருஷம் இருக்கு.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. இந்த ஆஸ்பத்திரி நமக்காகக் கட்டினது இல்லை. கம்பெனி சோல்ஜர் செத்தா கம்பெனிக்கு நஷ்டம், அதனால கட்டினது. நம்ம ஆட்கள் உள்ளே போனாங்க, கட்டுப் போடறவங்களா, எடுபிடிகளா. நோயாளியா இல்லை. உள்ளூர் ஏழைகளுக்கு அந்தக் காலத்துல இருந்தது ஊருக்கு வடக்கே மணியக்காரர் சத்திரமும் அதை ஒட்டி வந்த வைத்தியசாலையும். பஞ்சத்துல கஞ்சி ஊத்தின இடம் அது. அங்கேதான் பின்னாடி ஸ்டான்லி ஆஸ்பத்திரி வந்தது. வடசென்னைப் பெரியவங்க ஸ்டான்லியை "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி"ன்னு சொல்றது இதனாலதான்.

ஜி.எச். கதவு இந்தியர்களுக்குத் திறந்தது 1842ல். கணக்குப் போட்டுப் பாருங்க, 178 வருஷம்.

முதல்ல பள்ளிக்கூடம்

அதுக்கு ஏழு வருஷம் முன்னாடி, 1835 பிப்ரவரி 2ஆம் தேதி, ஆஸ்பத்திரியோட சேர்த்து ஒரு மருத்துவப் பள்ளியை கவர்னர் சர் ஃபிரெடரிக் ஆடம் தொடங்கி வெச்சார். டாக்டர் வில்லியம் மார்ட்டிமர் தனியா நடத்திக்கிட்டிருந்த வகுப்பைத்தான் அரசாங்கப் பள்ளியா மாத்தினாங்க. கல்கத்தா மருத்துவக் கல்லூரி அதுக்குச் சில நாள் முந்தி, ஜனவரி 28ல் வந்துடுச்சு. அஞ்சு நாள்ல முதலிடம் போச்சு! எம்.எம்.சி. பசங்க கிட்ட இதைச் சொன்னீங்கன்னா, "எங்க ஆஸ்பத்திரி 1664"ன்னு பதில் வரும். ரெண்டும் சரிதான்.

பள்ளியோட நோக்கம் பெரிய டாக்டர்களை உருவாக்கறது இல்லை. ராணுவத்துக்கு மருந்து கலக்கவும் காயம் கட்டவும் துணை ஆட்கள் வேணும், அவ்வளவுதான். ஆனா சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சா எங்கே நிறுத்தறது? 1850ல் அது 'மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்' ஆச்சு. 1857ல் மெட்ராஸ் பல்கலைக்கழகம் வந்ததும் அதோட இணைஞ்சது. (1996ல் ஊர் பேர் மாறினதும் இதையும் 'சென்னை மருத்துவக் கல்லூரி'ன்னு மாத்தினாங்க. அப்புறம் பழைய பேருக்கே திரும்பிட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு 2011ல் ராஜீவ் காந்தி பேர் வெச்சாங்க. ஆட்டோக்காரர் கிட்ட மட்டும் எப்பவும் ஜி.எச்.தான்.)

நாலு பொம்பளைங்க

"எம்.எம்.சி.யில் படித்த முதல் பெண் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி"ன்னு வருஷா வருஷம் ஒரு ஃபார்வர்டு வரும். நானும் நம்பிக்கிட்டிருந்தேன். அவங்க சேர்ந்தது 1907ல். அதுக்கு 32 வருஷம் முன்னாடியே, 1875ல், நாலு பொண்ணுங்க அந்த வகுப்புல உக்கார்ந்திருக்காங்க.

அதுல ஒருத்தர் மேரி ஷார்லீப். புருஷன் மெட்ராஸ்ல வக்கீல். பர்தா போட்ட வீட்டுப் பெண்கள், ஆண் டாக்டர் தொடக்கூடாதுங்கற ஒரே காரணத்துக்காகப் பிரசவத்துல சாகறதைக் கேள்விப்பட்டு, எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில முதல்ல பயிற்சி எடுத்தாங்க. அது போதாதுன்னு தோணி, மருத்துவக் கல்லூரியில சேர்த்துக்கச் சொல்லி நின்னாங்க. ஆதரவா இருந்தவர் சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபர். எழும்பூர் மியூசியத்தை ஆரம்பிச்சவரும் அவர்தான். பிரிட்டன்லயே பெண்கள் டாக்டருக்குப் படிக்க வழி இல்லாம சண்டை போட்டுக்கிட்டிருந்த நேரம் அது.

மேரி 1878ல் படிப்பை முடிச்சு, லண்டன் போய் மேல படிச்சு, திரும்பி வந்து 1885ல் பெண்களுக்காக ஒரு ஆஸ்பத்திரி தொடங்கினாங்க. இப்போ நாம கோஷா ஆஸ்பத்திரின்னு சொல்ற கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதோட தொடர்ச்சி.

1878ல் கிருபாபாய்னு ஒரு பொண்ணு சேர்ந்தாங்க. முதல் வருஷம் நல்லா படிச்சும் உடம்பு ஒத்துழைக்காம விட்டுட்டாங்க. பின்னாடி கிருபாபாய் சத்தியநாதன்னு இங்கிலீஷ்ல நாவல் எழுதினவங்க அவங்கதான். 1882ல் அபலா தாஸ் வங்காளத்துல இருந்து வந்தாங்க. ஏன் அவ்ளோ தூரம்? கல்கத்தா கல்லூரி அப்போ பெண்களைச் சேர்த்துக்கலை! அஞ்சு நாள் முந்தி ஆரம்பிச்சு என்ன பிரயோஜனம்? :-) அபலாவும் உடம்பு சரியில்லாம பாதியில திரும்பிட்டாங்க. அப்புறம் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, பெண் கல்விக்காகக் கடைசி வரைக்கும் உழைச்சாங்க.

இத்தனை பேருக்கு அப்புறம்தான் புதுக்கோட்டையில இருந்து முத்துலட்சுமி வர்றாங்க. அதனால அவங்க பெருமை குறையாது, கூடத்தான் செய்யும். அம்மா இசைவேளாளர் குடும்பம், தேவதாசி மரபுன்னு ஊர் ஒதுக்கி வெச்ச குடும்பம். அந்த வீட்டுப் பொண்ணு 1912ல் டாக்டரா வெளியே வந்து, சட்டசபைக்குப் போய், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினாங்க. தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வலியில 1954ல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டைத் தொடங்கினாங்க. 1938ல் இதே கல்லூரியில எம்.பி.பி.எஸ். முடிச்ச லட்சுமி, அஞ்சு வருஷத்துல நேதாஜியோட ஜான்சி ராணிப் படையில கேப்டன் லட்சுமி. முதல் இந்திய பிரின்ஸிபால் வர்றதுக்கோ 1939 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியார். ஆரம்பிச்சு 104 வருஷம் கழிச்சு!

பேர் இல்லாத பையன்

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது. சார்லஸ் டோனவன்னு ஒரு டாக்டர், கல்கத்தாவுல பிறந்த ஐரிஷ்காரர், ஜி.எச்.ல வேலை, காலேஜ்ல பேராசிரியர். கருங்காய்ச்சல்னு ஒரு வியாதி அப்போ நாட்டையே ஆட்டி வெச்சுக்கிட்டிருந்தது. விடாத ஜுரம், மண்ணீரல் வீங்கும், தோல் கறுக்கும், ஆள் உருகிச் செத்துடுவான். மலேரியாவோட ஒரு வகைன்னுதான் பல பேர் நினைச்சாங்க.

1903 ஏப்ரல்ல, செத்துப் போனவங்க மண்ணீரலை மைக்ரோஸ்கோப்ல பார்க்கும்போது சின்னச் சின்னதா ஏதோ தெரியுது டோனவனுக்கு. என்னன்னு புரியலை. மே மாசம் லண்டன்ல வில்லியம் லீஷ்மன் ஒரு கட்டுரை போடறார். கல்கத்தா பக்கம் டம் டம்ல இருந்து காய்ச்சலோட ஊருக்குத் திரும்பி இறந்த ஒரு சோல்ஜர் உடம்புல இதே மாதிரி பார்த்ததா. லீஷ்மன் நினைச்சது, ஆள் இறந்த அப்புறம் சிதைஞ்சு போன ஏதோ ஒரு கிருமியோட மிச்சம்னு.

டோனவன் என்ன பண்ணினார்? செத்த அப்புறம் வர்றதா, உயிரோட இருக்கும்போதே இருக்கான்னு பார்த்துட்டா தீர்ந்தது. ஜூன் 17ஆம் தேதி, காய்ச்சலோட கிடந்த பன்னிரண்டு வயசுப் பையனோட மண்ணீரல்ல ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார். இருந்தது! அப்ப அது சிதைஞ்ச மிச்சம் இல்லை, உயிருள்ள ஒட்டுண்ணி. எந்த பக்-ஐயும் பிடிக்கணும்னா ஓடிக்கிட்டிருக்கற சிஸ்டத்துல பார்க்கணும்னு எங்க டீம் லீடு சொல்றதை, 1903லயே ஒருத்தர் பண்ணிட்டார்.

மலேரியா புகழ் ரொனால்ட் ராஸ் அதுக்கு 'லீஷ்மேனியா டோனவனி'ன்னு ரெண்டு பேர் பேரையும் சேர்த்து வெச்சார். உலகத்துல எந்த மருத்துவ மாணவன் அதைப் படிச்சாலும் மெட்ராஸ் ஜி.எச். டாக்டர் பேரைச் சொல்லித்தான் ஆகணும்.

அந்தப் பையன் பேர் எந்தப் புத்தகத்துலயும் இல்லை. அவன் மண்ணீரல் மட்டும் இருக்கு. கற்பிக்கும் மருத்துவமனைன்னு சொல்றோம், அங்கே கத்துக் கொடுக்கறது புரொபசர் மட்டும் இல்லை. காசு கொடுக்க முடியாம வந்து படுத்த ஒவ்வொருத்தரும்தான். அவங்க கொடுத்த ஃபீஸ் அது.

பதினாலு சீட்டு

இந்த இடத்துல பின்னூட்டத்துல குஸ்தி ஆரம்பிக்கும்னு தெரியும். இருந்தாலும் சொல்லாம விட முடியாது.

மெட்ராஸ் மாகாணத்துல கம்யூனல் ஜி.ஓ.ன்னு ஒண்ணு இருந்தது. சுதந்திரம் வந்த சமயத்துல இருந்த கணக்குப்படி, ஒவ்வொரு பதினாலு சீட்டிலும் பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர்கள் 2, ஹரிஜனங்கள் 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்கள் 1, முஸ்லிம்கள் 1. மாகாணத்து அரசு மருத்துவக் கல்லூரிகள் எல்லாத்தையும் சேர்த்தே 330 இடம்தான்.

1950 ஜூன்ல செண்பகம் துரைராஜன் ஹைகோர்ட்டுக்குப் போனார், சாதியைச் சொல்லி மருத்துவக் கல்லூரியில இடம் மறுக்கக்கூடாதுன்னு. இஞ்சினியரிங் சீட்டுக்காக சீனிவாசன்னு இன்னொருத்தர். ஹைகோர்ட் ஜி.ஓ. செல்லாதுன்னு சொன்னது. 1951 ஏப்ரல் 9ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. தீர்ப்பைப் படிச்சா ஒரு வேடிக்கை தெரியும். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போடலை! எப்படியும் கிடைக்காதுன்னு தெரிஞ்சதால நேரா கோர்ட்.

தமிழ்நாட்டுல பெரிய கொந்தளிப்பு. ரெண்டே மாசத்துல, 1951 ஜூன்ல, அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம் வந்தது. சமூக ரீதியாவும் கல்வியிலும் பின்தங்கினவங்களுக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம்னு 15(4) உள்ளே வந்தது அப்போதான். இன்னைக்கு நாடு முழுக்கப் பேசற சண்டையோட வேர், நம்ம ஊர் காலேஜ் சீட்டுக் கணக்குல இருக்கு. எங்க தெருவுல முதல் தலைமுறையா டாக்டர் ஆன ரெண்டு பேரை எனக்குத் தெரியும். அந்தத் திருத்தம் இல்லைன்னா அவங்க கதை வேற. என் கருத்து அவ்வளவுதான். மாத்துக் கருத்து இருந்தா கண்ணியமா சொல்லுங்க.

ராத்திரி ரயில்ல ஆறு மாதிரிகள்

கடைசிக் கதை. 1985 முடியற நேரம். எம்.எம்.சி. மைக்ரோபயாலஜி பேராசிரியை சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலா கிட்ட ஆய்வுக்கு எய்ட்ஸ் தலைப்பை எடுத்துக்கச் சொல்றாங்க. அது அமெரிக்கக்காரன் வியாதி, நம்ம கலாச்சாரத்துக்கு வராதுன்னு எல்லாரும் மார் தட்டிக்கிட்டிருந்த நேரம்.

நிர்மலா நடுத்தரக் குடும்பம், ரெண்டு குழந்தைக்கு அம்மா. பாலியல் தொழிலாளிகள் யாரையும் முன்னபின்ன பார்த்தது கிடையாது. பிடிபட்ட பெண்களை வெச்சிருந்த அரசு விடுதிக்குப் போய், ஒவ்வொருத்தர் கிட்டயா பேசி ரத்தம் எடுத்தாங்க. கையுறை கூட இல்லாம. எண்பதுக்கும் மேல மாதிரிகள். சீரத்தைப் பிரிக்க அவசரமா ஏற்பாடு பண்ணின சின்ன லேப். பத்திரப்படுத்தினது? வீட்டு ஃபிரிட்ஜ்ல!

பரிசோதிக்கற வசதி மெட்ராஸ்ல இல்லை. 1986 பிப்ரவரியில, நிர்மலாவும் கணவரும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ராத்திரி ரயில் ஏறி காட்பாடி. அங்கிருந்து ஆட்டோவுல வேலூர் சி.எம்.சி. சோதனையில ஆறு மாதிரிகள் மஞ்சளா மாறிச்சு. இந்தியாவுல எச்.ஐ.வி. இருக்குன்னு நாட்டுக்குத் தெரிஞ்சது இப்படித்தான். அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டசபையில அறிவிச்சார்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒளிச்சு வெச்சிருந்தா இன்னும் எத்தனை வருஷம் அது தெரியாம பரவியிருக்கும்? சுனிதி சாலமன் பின்னாடி எச்.ஐ.வி. வந்தவங்களுக்காகவே ஒரு மையம் நடத்தி, 2015ல் காலமானாங்க. நிர்மலா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்குத் தடுப்பூசி வேலைக்குப் போயிட்டாங்க.

*

சித்தப்பாவுக்கு வர்றேன். அவர் இருந்த மாதிரி தலைக்காய வார்டுகளோட கதையும் இங்கேதான் தொடங்குது. 1950ல் டாக்டர் பி.ராமமூர்த்தி, இதே கல்லூரியில படிச்சவர், ஜி.எச்.ல நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பிச்சார். நாட்டுலயே இந்தத் துறையை முதல்ல தொடங்கின சில பேர்ல அவர் ஒருத்தர். அந்த உள்ளூர் டாக்டர் யோசிக்காம "ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க"ன்னு எழுதினதுக்குப் பின்னாடி எழுபது வருஷத்துக்கும் மேல சேர்ந்த கைப்பழக்கம் இருக்கு.

மறு பரிசோதனைக்குப் போனப்ப அப்பாவும் கூட வந்தார். வாசல்ல இருக்கற சிலையைப் பார்த்து "யாருடா இது?"ன்னார். டாக்டர் ரங்காச்சாரி, சொந்தமா விமானம் வெச்சிருந்தவர், 1934ல் டைபாய்டுல இறந்தார், ஊரே சேர்ந்து 1939ல் சிலை வெச்சதுன்னு சொன்னேன். அப்புறம் வரிசையில நிக்கும்போது, வின்டர், கோகன் வீடு, 1842 எல்லாத்தையும் சொன்னேன். அப்பா பாதி கேட்டார், பாதி டோக்கன் நம்பரைப் பார்த்தார்.

ஜன்னல்ல எங்க முறை வந்தது. உள்ளே இருந்த அம்மா தலை நிமிராம கேட்டாங்க: "பேரு? வயசு? எந்த ஊரு?"

சீட்டை வாங்கி மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு அப்பா சொன்னார்: "வேற ஒண்ணுமே கேக்கலையேடா."

"கேக்கறதை நிறுத்த வெக்கறதுக்குத்தான்பா இத்தனை வருஷம் ஆச்சு"ன்னேன்.

அவர் ஒண்ணும் சொல்லலை. சித்தப்பா கையைப் பிடிச்சு படியேத்திக் கூட்டிட்டுப் போனார்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, சரித்திர ஆசிரியரும் இல்லை. தப்பு இருந்தா திருத்துங்க. எம்.எம்.சி.யில படிச்சவங்க, ஜி.எச்.ல வேலை பார்த்தவங்க, அங்கே பிழைச்சு வந்தவங்க யாராவது இதைப் படிச்சா உங்க கதையை எழுதுங்க. அந்தப் பையன் மாதிரி பேர் இல்லாம போக வேண்டாம்.